“தமிழ் சப்போர்ட் ஆகாது சார்” – யார் சொன்னது?

“தமிழ் சப்போர்ட் ஆகாது சார்.”

வங்கியில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக எதைக் கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கிற பதில் இதுதான். சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனிப் பையன் சொல்வான், அவனுக்கு மேலே இருக்கிற மேனேஜர் சொல்வார், அதைக் கேட்டு நம்ம ஆட்களே தலையாட்டுவார்கள். இத்தனை வருஷம் இதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாயிற்று. போன மாசம் என் பையனும் இதையே சொன்னான். அப்போதுதான் சுருக்கென்றது. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் டெக்னிக்கல், நிறைய கோபம். நான் படித்தது பி.காம்., பொட்டி தட்டுகிறவன் இல்லை. எனக்கே புரிந்தது உங்களுக்குப் புரியாமல் போகாது. தைரியமாகப் படியுங்கள்.

மாரெட்பள்ளியில் வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளின் நிலைமை வெளியூரில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெலுங்கு, இந்தி. தமிழ் வீட்டில் மட்டும், அதிலும் பாதி “அவுனு, காது” கலந்து. ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் வாட்ஸப் செய்தியை வாசிக்கிற அளவுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுப்பதற்குள் அப்பா அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. என் பையன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் பைதான் சொல்லித் தருகிறார்கள். ஒரு பத்தியில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சின்ன புரோகிராம் எழுதினான். இங்கிலீஷில் கச்சிதமாக ஓடியது. ஆசையாகப் பாட்டியின் செய்தியை எடுத்துப் போட்டான். ‘அம்மா’ என்ற ஒரு சொல் ‘அம’ என்றும் ‘ம’ என்றும் இரண்டு சொல்லாக வந்து விழுந்தது. புள்ளியையும் காணோம், துணைக்காலையும் காணோம்.

“தமிழ் சப்போர்ட் ஆகாதுப்பா” என்று மூடி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பாட நூல் சொன்னபடிதான் எழுதியிருக்கிறான். ஆனால் பதினாலு வயசில் ஒரு பிள்ளை இதிலிருந்து எடுத்துக்கொள்கிற பாடம் என்ன? தமிழ் வீட்டில் பேச, பாட்டிக்குப் பதில் போட. ‘நிஜமான’ வேலைக்கு இங்கிலீஷ். வெளியூரில் தமிழை இழுத்துப் பிடித்து வளர்க்கிற நம் உழைப்பை இந்த ஒரு முடிவு மொத்தமாகக் கவிழ்த்துவிடும். முடிவு உண்மையாக இருந்தாலாவது விழுங்கிக்கொள்ளலாம். அது பொய். எப்படிப் பொய் என்று சொல்கிறேன்.

விஷயத்தின் பெயர் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ். பயப்பட வேண்டாம், நீங்கள் தினமும் அதற்குள்தான் வாழ்கிறீர்கள். பணம் அனுப்ப ஐஎஃப்எஸ்சி கோடு போடுகிறீர்களே, அதற்கு ஒரு அச்சு உண்டு: முதலில் நாலு எழுத்து, ஐந்தாவது இடத்தில் பூஜ்யம், அப்புறம் ஆறு எழுத்தோ எண்ணோ, ஆக மொத்தம் 11. பான் நம்பர் என்றால் ஐந்து எழுத்து, நாலு எண், ஒரு எழுத்து. இந்த அச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற குறிகளில் ஒரே வரியில் எழுதி வைத்தால் அதுதான் ரெஜெக்ஸ். நீங்கள் அடித்தது அச்சில் பொருந்தினால் உள்ளே, பொருந்தாவிட்டால் சிவப்பு எழுத்தில் “இன்வேலிட்”. தேடுவது, பிரிப்பது, சொல் எண்ணுவது எல்லாம் இதே குறிகளால்தான் நடக்கிறது.

இதில் முக்கியமான சங்கதி, ரெஜெக்ஸ் என்பது ஒரே மொழி இல்லை. 1950களில் கிளீன் என்ற கணித அறிஞர் போட்ட விதை. 1968-ல் கென் தாம்ப்சன் அதைக் கம்ப்யூட்டரில் தேடுவதற்கு ஏற்ற மாதிரி எழுதினார். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு வழக்கு. யுனிக்ஸ் உலகத்தில் ‘அடிப்படை’, ‘விரிவு’ என்று இரண்டு. பெர்ல் மொழி 1987-ல் வந்து தனக்கென்று ஒன்றை வளர்த்தது, இன்று பாதி உலகம் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறது. ஒரே குறிக்கு ஒரு வழக்கில் ஒரு அர்த்தம், இன்னொன்றில் வேறு. கோயம்புத்தூர்த் தமிழும் திருநெல்வேலித் தமிழும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஹெச்பி என்ற மொழியில் எந்த வழக்கில் படிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவே ஒரு கட்டளை இருக்கிறது: ஜாவா மாதிரி படி, பெர்ல் மாதிரி படி, ரூபி மாதிரி படி, ஈமேக்ஸ் மாதிரி படி என்று ஒரு எழுத்தில் சொல்லிவிடலாம்.

அதாவது அச்சை எப்படிப் படிப்பது என்பது ஒரு தேர்வு. ஸ்விட்ச். இயற்கை விதி கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

‘அம்மா’ ஏன் உடைந்தது? ரெஜெக்ஸில் பின்சாய்கோடு போட்டு ஒரு சின்ன டபிள்யூ எழுதினால் ‘சொல்லில் வரக்கூடிய எழுத்து’ என்று அர்த்தம். டபிள்யூ குறி என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடில் ‘அ’வும் ‘ம’வும் எழுத்து என்று பதிவாகியிருக்கின்றன. புள்ளியும், ஆ, இ, ஈ, உ எல்லாவற்றின் உயிர்க்குறிகளும் ‘ஒட்டிக்கொள்ளும் குறி’ என்ற வேறு வகையில் இருக்கின்றன. பைதானோடு கூடவே வரும் ரெஜெக்ஸ், எழுத்தையும் எண்ணையும்தான் டபிள்யூ குறிக்குள் சேர்க்கிறது. ஒட்டுக்குறியைச் சேர்ப்பதில்லை. ஆகவே புள்ளி வந்த இடத்தில் சொல் முடிந்துவிட்டது என்று நினைத்து வெட்டிவிடுகிறது. தமிழ் மட்டுமில்லை, இந்தியும் தெலுங்கும் இதே கத்தியில்தான் வெட்டுப்படுகின்றன.

வேடிக்கையைப் பாருங்கள். அதே பைதான், ‘எண்’ என்ற குறிக்கு ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்களை ஒத்துக்கொள்கிறது! ‘௧௨’ என்று கொடுத்தால் பன்னிரண்டு என்று கணக்கும் போடும். நம்மில் எத்தனை பேர் ௧௨ என்று எழுதுகிறோம்? எல்லோரும் எழுதுகிற ‘அம்மா’வை வெட்டும், யாரும் எழுதாத ‘௧௨’ஐ மதிக்கும். இதில் தமிழின் குறை எங்கே இருக்கிறது?

யூனிகோட் அமைப்பு இதற்குத் தெளிவாகவே வழி சொல்லியிருக்கிறது. ரெஜெக்ஸுக்கென்றே அவர்கள் வெளியிட்டுள்ள 18-ஆம் எண் தொழில்நுட்பத் தரத்தில், டபிள்யூ குறிக்குள் ஒட்டுக்குறிகளையும் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. பைதான் அதைப் பின்பற்றவில்லை என்று 2011-லேயே அவர்களுடைய குறை ஏட்டில் பதிவும் ஆகியிருக்கிறது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, ஒவ்வொரு மொழியிலும் இருக்கிறது:

பைதான்: ‘ரெஜெக்ஸ்’ என்ற பெயரிலேயே தனியாக ஒரு இலவசத் தொகுப்பு கிடைக்கிறது. புரோகிராமின் முதல் வரியில் பழையதுக்குப் பதில் இதை அழைத்தால் போதும், மற்ற வரிகளைத் தொடவே வேண்டாம். ‘அம்மா’ முழுசாக வரும். இது யூனிகோடை இன்னும் நன்றாகக் கவனிக்கிறது என்று பைதானின் அதிகாரபூர்வ ஆவணமே கைகாட்டுகிறது.

ஜாவா: சும்மா விட்டால் டபிள்யூ குறிக்கு இங்கிலீஷ் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். 2011-ல் வந்த ஜாவா 7-லிருந்து ‘யூனிகோட் கேரக்டர் கிளாஸ்’ என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அச்சின் தலையில் அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியும் பெரிய யூவும் போட்டாலே போதும். நாலு தட்டு. வங்கி, இன்ஷூரன்ஸ் உலகத்தில் ஜாவா எவ்வளவு ஓடுகிறது என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஜாவாஸ்கிரிப்ட்: நாம் வெப்சைட்டில் நிரப்புகிற ஃபார்ம் எல்லாம் இதில்தான். டபிள்யூ குறி இங்கேயும் இங்கிலீஷ் மட்டும். ஆனால் 2018 பதிப்பிலிருந்து ‘எந்த மொழி எழுத்தும், எந்த மொழி ஒட்டுக்குறியும்’ என்று நேரடியாகவே எழுதலாம்.

பெர்ல்: யூனிகோடாகப் படிக்கச் சொல்லிவிட்டால் டபிள்யூ குறி தானாகவே ஒட்டுக்குறியைச் சேர்த்துக்கொள்கிறது.

இவ்வளவுதான் சார் ‘சப்போர்ட்’. நாலு தட்டு, இல்லை ஒரு வரி.

இன்னும் இரண்டு பொறி இருக்கிறது. பொட்டி தட்டுகிற நண்பர்கள் கவனிக்கவும்.

ஒன்று, எல்லை. இங்கிலீஷில் ஏ முதல் இசட் வரை என்று எழுதுகிற பழக்கத்தில் [க-ன] என்று எழுதினால் பதினெட்டு மெய்யின் வரிசையும் வந்துவிடும் என்று தமிழ் படித்த யாரும் நினைப்பார்கள். நம் அரிச்சுவடியில் கடைசி எழுத்து ன. ஆனால் யூனிகோட் வரிசையில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ உட்கார்ந்திருக்கிறது. ஆகவே க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ன என்று ஒன்பது உள்ளே வரும். ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற ஒன்பதும் வெளியே. சரிபாதி! போதாததற்கு நடுவில் ‘ஜ’ ஓசியில் நுழைந்துவிடும். [அ-ஹ] என்று எழுதினால் அடி எழுத்து எல்லாம் வரும், ஆனால் ஒரு புள்ளியும் ஒரு கொம்பும் வராது. இதற்கும் மருந்து இருக்கிறது. முத்து அண்ணாமலை முதலான தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைதான் தொகுப்பில், தமிழ் வரிசைப்படி எல்லையைக் கொடுத்தால் அதை விரித்துக்கொடுக்கவே ஒரு பகுதி இருக்கிறது. சம்பளம் இல்லாமல் ராத்திரி கண்விழித்துச் செய்து வைத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தினாலே போதும்.

இரண்டு, எண்ணிக்கை. ‘மீனாட்சி’ நமக்கு நாலு எழுத்து. கம்ப்யூட்டருக்குள் எட்டு இடம். ரெஜெக்ஸில் ‘ஏதாவது ஒரு எழுத்து’ என்று ஒரு புள்ளி வைத்தால் அது ‘மீ’யில் பாதியைத்தான் எடுக்கும். முழு எழுத்தாக எடுக்க எக்ஸ் குறி என்று தனியாக ஒன்று உண்டு. பெர்லில் இருக்கிறது, ஜாவாவில் 9-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, நான் மேலே சொன்ன பைதான் தொகுப்பிலும் இருக்கிறது. அதேபோல ‘பொன்னி’யின் ‘பொ’வை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், மெஷினுக்கு வேறு வேறு. தேடினால் “ரெக்கார்ட் இல்லை” என்று வரும். இதற்கும் ஜாவாவில் ஒரு ஸ்விட்ச் உண்டு.

நிற்க. இது ஏதோ பிள்ளைகளின் ஹோம்வொர்க் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். என் கவுண்ட்டருக்கு வாருங்கள்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி வாடிக்கையாளர் செக்கை இங்கிலீஷிலோ, இந்தியிலோ, அந்தந்த மாநில மொழியிலோ எழுதலாம். தமிழ்நாட்டில் தமிழில் எழுதிய செக் செல்லும். காகிதத்துக்கு இருக்கிற இந்தப் பெருந்தன்மை திரைக்கு இல்லை. பல நிறுவனங்களின் ஃபார்ம்களில் பெயர்க் கட்டத்துக்கு வைத்திருக்கிற அச்சு என்ன தெரியுமா? இங்கிலீஷ் எழுத்தும் இடைவெளியும் மட்டும். தமிழை விடுங்கள், இனிஷியலுக்குப் பின்னால் நாம் வைக்கிற புள்ளிகூடத் தடை! அடுத்து, கடைசிப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று இன்னொரு அச்சு. ‘ஆர். மீனாட்சி’ என்ன செய்வார்? ஒரு இடத்தில் அப்பா பெயரைக் கடைசியில் போடுவார், இன்னொரு இடத்தில் புருஷன் பெயரை, மூன்றாவது இடத்தில் டைப் அடிக்கிறவர் தன் இஷ்டத்துக்கு ஒன்றை. இருபது வருஷம் கழித்துப் புருஷன் போனபிறகு அந்த அம்மா ஃபேமிலி பென்ஷனுக்கு வந்து நிற்கும்போது ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர், பாலிசியில் ஒரு பெயர். அப்புறம் நோட்டரி, அஃபிடவிட், கெஜட். கண்ணீரோடு நிற்பவரிடம் “ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு எழுதி வாங்கிட்டு வாங்கம்மா” என்று சொல்லும் வேலை எங்களுடையது. அச்சை எழுதியவர் ஏசி அறையில் அடுத்த புராஜெக்ட்டில் இருக்கிறார்.

பெயர் என்பது ஐஎஃப்எஸ்சி இல்லை. ஐஎஃப்எஸ்சியை நாம் உருவாக்கினோம், அதற்கு அச்சு இருக்கிறது. பெயர் நமக்கு முன்னாலேயே இருந்தது. இந்த ஊரில் தெலுங்கு நண்பர்களும் முன்னால் ஒரு எழுத்துப் போடுகிறார்கள், ஆனால் அது இண்டி பேரு, வீட்டுப் பெயர். என்.டி. ராமராவின் முதல் எழுத்து நந்தமூரி. நம்முடையது அப்பா பெயர். சதுரங்கத்தில் 2024-ல் உலகப் பட்டம் வென்ற டி. குகேஷின் ‘டி’ தொம்மராஜு என்ற குடும்பப் பெயர், ஆர். பிரக்ஞானந்தாவின் ‘ஆர்’ அப்பா ரமேஷ்பாபு. இருவரும் சென்னைப் பிள்ளைகள், எழுதுவது ஒரே மாதிரி, அர்த்தம் வேறு. விஸ்வநாதன் ஆனந்தை உலகமே ‘விஷி’ என்று அவர் அப்பா பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டது நினைவிருக்கிறதா? எந்த அச்சால் இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியும்?

வெளிநாட்டுக்குப் போனால் இன்னும் மோசம். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு ‘முதல் பெயர் தெரியாது’ என்ற அர்த்தத்தில் ‘எஃப்என்யூ’ என்று அடித்துத் தருகிறார்கள். 2022 நவம்பரில் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் சொன்னபோது எத்தனை குடும்பங்கள் டிக்கெட்டோடு திண்டாடியிருக்கும்! பிறகுதான் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அங்கே இருந்தது ரெஜெக்ஸா வேறா என்பது கேள்வி இல்லை. பெயர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு இடத்தில் போட்ட அச்சுக்கு மனிதர்கள் தங்களை வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பு வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

“பாதுகாப்பு சார். கண்ட குறியையும் விட்டால் ஹேக் பண்ணிடுவாங்க.” தவறு. பெயர்க் கட்டத்தின் வழியாக டேட்டாபேஸுக்குள் கட்டளையை நுழைப்பதைத் தடுக்க முறையான வழி வேறு. உள்ளீட்டைத் தரவாகவும் கட்டளையைக் கட்டளையாகவும் தனித்தனியே அனுப்புவது. இனிஷியலின் புள்ளியைத் தடுத்து யாரும் கொள்ளையைத் தடுத்ததில்லை.

“வேகம் குறையும்.” ஓரளவு உண்மை. குறையலாம் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது. ஆனால் ஒரு பெயரைச் சோதிக்கிற நேரம் கண் இமைக்கிற நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குப் பிறகு ஓடிபிக்காக நாம் காத்திருக்கும் நேரத்தை யார் கேட்பது?

“எல்லாவற்றையும் திறந்துவிட்டால் குழப்பம்.” இதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். அக்கவுண்ட் நம்பர் கட்டத்தில் ௧௨௩ விழக்கூடாது. அங்கே பூஜ்யம் முதல் ஒன்பது வரை என்று கறாராகவே எழுதுங்கள், வங்கிக்காரனாக நானே கேட்டுக்கொள்கிறேன். நம்பருக்குக் கறார், பெயருக்குத் தாராளம். கட்டத்துக்குக் கட்டம் ஸ்விட்சைப் பார்த்துப் போடுங்கள் என்பதுதான் என் மொத்தக் கோரிக்கையும்.

இப்போது கசப்பான பகுதி. இந்த அச்சுகளை எழுதுவது யார்? எங்கோ கலிஃபோர்னியாவில் இருக்கும் வெள்ளைக்காரர் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. மாதாப்பூரிலும் ஹைடெக் சிட்டியிலும் உட்கார்ந்து இந்திய வங்கிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஃபார்ம் எழுதுகிறவர்கள் நம்ம பிள்ளைகள். மாப்பிள்ளை, மச்சான், தம்பி, அக்கா பெண். தங்கள் சொந்தப் பெயரையே ஏற்காத அச்சை இணையத்திலிருந்து காப்பி அடித்து ஒட்டிவிட்டு, “ரிக்வைர்மென்ட்ல இல்லை” என்கிறார்கள். தமிழுக்காகத் தெருவில் இறங்கிப் போராடச் சொல்லவில்லை தம்பி. உன் ஆஃபீஸில், உன் நாற்காலியில் உட்கார்ந்து, நாலு தட்டு. அது முடியாதா?

அந்தக் காலத்தில் நிஜமாகவே கஷ்டம் இருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு, ஒருவர் அனுப்பினது இன்னொருவர் பொட்டியில் ஜாங்கிரி பிழிந்த மாதிரி தெரியும். 2010-ல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது. மிச்சம் இருப்பது சோம்பல் ஒன்றுதான்.

ஆகவே, மகாஜனங்களே. ஃபார்ம் எழுதுகிறவராக இருந்தால் நாளைக்கே உங்கள் பெயர்க் கட்டத்தில் மூன்றை அடித்துப் பாருங்கள்: புள்ளியோடு ‘ஆர். மீனாட்சி’ இங்கிலீஷில், ‘மீனாட்சி’ தமிழில், கடைசிப் பெயரே இல்லாமல் வெறும் ‘பொன்னி’. மூன்றில் ஒன்று சிவப்பானாலும் அது பக், பதிவு செய்யுங்கள். வாடிக்கையாளராக இருந்தால் பெயரை வளைக்காதீர்கள். முடிந்தவரை எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள், ஏற்காவிட்டால் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவாக இருந்தால், பிள்ளை “தமிழ் சப்போர்ட் ஆகாது” என்று சொல்லும்போது ‘ஆமாம்ப்பா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்த ஸ்விட்ச் அணைந்திருக்கிறது என்று சேர்ந்து தேடுங்கள். வீட்டுக்கு வீடு ஒரு பொட்டி தட்டுகிறவர் இருக்கிற சமூகம் இது, கேட்டால் சொல்லித் தருவார்கள்.

அடுத்த தடவை யாராவது “தமிழ் சப்போர்ட் ஆகாது சார்” என்றால், கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஆகாதா, நீங்க போடலையா?”

டிஸ்கி: இது என் சொந்தக் கருத்து. என் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மொழிச் சண்டைக்கு வருகிறவர்கள் வேறு இடம் பார்க்கவும்; தெலுங்குக்கும் இந்திக்கும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறேன்.